எழுதாமல் வாழ்ந்த பாட்டு: அரபுப் பாலைவனமும் நீலகிரிப் புல்வெளியும்

எழுத்தே இல்லாத ஒரு மொழியில் இலக்கியம் உண்டா? நம் சங்கத்து அன்பர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஏட்டில் ஏறினது இலக்கியம், வாயில் இருப்பது வெறும் பேச்சு என்ற எண்ணம் நமக்கு ரத்தத்தோடு ஊறியது. நான் பாத்திர வியாபாரி. கல்லூரிப் படிப்பு கிடையாது. டாலிகஞ்சில் கடையைப் பிள்ளைகளிடம் விட்ட பிறகு, அலிப்பூர் நேஷனல் லைப்ரரிக்குப் போய் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. அந்தப் படிப்பில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மக்கள் இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லக் கண்டேன். ஒருவர் அரபுப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்த்த பெதூயின்கள். இன்னொருவர் நம் நீலகிரியில் எருமை மேய்க்கும் தோடர்கள்.

இவர்களுக்குள் ரத்த உறவோ மொழி உறவோ உண்டென்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒன்றும் கிடையாது. வாழ்க்கை முறையில் ஓர் ஒற்றுமை உண்டு. பாட்டை அவர்கள் வைத்திருந்த இடத்தில் பெரிய ஒற்றுமை உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கல்கத்தாவும் அரபுக் கவிதையும்

முதலில் நம்ம ஊர்க் கதை ஒன்று. சர் வில்லியம் ஜோன்ஸ் 1784 ஜனவரியில் இங்கே ஏசியாடிக் சொசைட்டியைத் தொடங்கினார். 1794-ல் இறந்து, சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் அடங்கினார். சமஸ்கிருதத்துக்காகவே அவர் பெயரைச் சொல்வது வழக்கம். ஆனால் 1783-ல் கல்கத்தாவில் கால் வைப்பதற்கு முன்பே, இஸ்லாத்துக்கு முந்தைய பாலைவனக் கவிதைகளான முஅல்லகாத் ஏழையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முடித்திருந்தார். சுமார் 100 ஆண்டு கழித்து, வங்காள சிவில் சர்வீஸைச் சேர்ந்த சார்லஸ் லயால் அதே பழைய கவிதைகளில் உழைத்தார்; அவருடைய பதிப்பு ஒன்று இந்த நகரத்திலேயே அச்சானது. பாலைவனத்துப் பாட்டு ஹூக்ளி ஆற்றங்கரைக்கு வந்து ரொம்ப நாளாச்சு.

அந்தப் பழைய கவிதைகளும் முதலில் எழுதப்பட்டவை அல்ல. கூடாரம் பிரித்துப் போன இடத்தில் நின்று காதலியை நினைத்து அழுவதும், ஒட்டகத்தைப் புகழ்வதும், குலத்தின் வீரத்தைச் சொல்வதுமாக வாய்வழியே வந்தவை. கவிஞனுக்கு ஒரு ராவி இருப்பான். கவிதையை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்வது அவன் வேலை. பிற்காலத்தில் பஸ்ரா, கூஃபா நகரங்களின் இலக்கண ஆசிரியர்கள், சுத்தமான அரபு நாடோடிகளின் நாக்கில்தான் இருக்கிறது என்று அவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எழுதப்பட்டது செம்மொழி ஆனது. பள்ளியிலும் மதரஸாவிலும் அதுவே பாடம்.

ஏட்டு அரபும் வாய் அரபும்

ஏடு நின்ற இடத்திலேயே நிற்கும். நாக்கு நிற்குமா? காலப்போக்கில் பெதூயின்களின் பேச்சு மாறியது. செம்மொழி அரபின் வேற்றுமை விகுதிகள் பேச்சில் உதிர்ந்தன. ஆனாலும் அவர்கள் பாடுவதை நிறுத்தவில்லை. மாறின பேச்சிலேயே பாடினார்கள். அதற்கு நபதி கவிதை என்று பெயர் வந்தது. நபத் என்பது ஒரு பழைய மக்களின் பெயர். சுத்த அரபு அல்லாதது என்ற இளக்காரம் அந்தப் பெயரிலேயே இருந்தது. எந்த மக்களின் நாவைக் கேட்டு இலக்கணம் வகுத்தார்களோ, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் பாடினபோது அதைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இதை முதலில் தட்டிக் கேட்ட பெரிய அறிஞர் இப்னு கல்தூன். 1377-ல் எழுதிய முகத்திமா என்ற நூலின் கடைசிப் பகுதியில், பனூ ஹிலால் குலத்தாரின் பேச்சுமொழிக் கவிதைகளைச் சேர்த்திருக்கிறார். விகுதி இல்லை என்பதால் கவிதை இல்லை என்று சொல்லும் பண்டிதர்கள் தவறு செய்கிறார்கள், சொல்லுக்கும் கருத்துக்கும் உள்ள பொருத்தம்தான் சொல்வன்மை, விகுதி அதற்கு அளவுகோல் இல்லை என்பது அவர் வாதம். ஏறக்குறைய 650 ஆண்டுக்கு முந்தின பேச்சு இது. இன்றைக்கும் நமக்குத் தேவைப்படுகிறது.

நபதி கவிதைக்கு யாப்பு உண்டு. பழைய கசீதாவில் வரியின் கடைசியில் மட்டும் இயைபு வரும். நபதியில் பெரும்பாலும் வரியின் முதல் பாதிக்கு ஓர் இயைபு, இரண்டாம் பாதிக்கு வேறோர் இயைபு, இரண்டும் பாட்டு முழுக்க ஓடும். எழுதப் படிக்கத் தெரியாதவர் இதைக் கட்டிக்கொண்டு போவார். நெதர்லாந்துத் தூதரக அதிகாரியாக சவூதியில் இருந்த மார்சல் குர்பர்ஷூக், தவாசிர் குலத்தைச் சேர்ந்த திந்தான் என்ற எழுத்தறியாத கவிஞரின் பாடல்களை ஒலிநாடாவில் பதிவு செய்து 1994-ல் நூலாக்கினார். அதற்கு முன்பே சாத் சோவயான் என்ற சவூதி அறிஞர் 1985-ல் நபதி கவிதையைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். சொந்த நாட்டிலேயே செம்மொழிக்குக் கேடு என்று இந்தத் துறைக்கு எதிர்ப்பு இருந்தது.

பாட்டு என்ன வேலை செய்தது?

வியாபாரிக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். பாலைவனத்தில் பாட்டு பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. ஒரு குலத்தலைவன் இன்னொருவனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்றால் பாட்டாகக் கட்டுவான். ஒட்டகத்தில் ஏறிப் போகும் தூதனை விளித்தே பாட்டு தொடங்கும். வாங்கினவன் அதே சந்தத்தில், அதே இயைபில் பதில் கட்டி அனுப்ப வேண்டும். அதுதான் மரியாதை. ஒட்டகக் கொள்ளை நடந்தால் அதன் வரலாறு பாட்டில்தான் பதிவாகும். ருவாலா பெதூயின்களோடு வாழ்ந்த செக் அறிஞர் அலோயிஸ் மூசில் 1928-ல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்ட பாடல்கள் நிறைய உண்டு. காப்பி காய்ச்சும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ரபாபா என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தோடு அவற்றைப் பாடிக் கேட்பார்கள்.

ஏமனில் கவ்லான் குலத்தாரிடையே, சண்டை சமாதானப் பேச்சுக்குப் போகிற கூட்டம் ஸாமில் என்ற இரண்டு வரிப் பாட்டைச் சேர்ந்து பாடிக்கொண்டே போகும் வழக்கத்தை ஸ்டீவன் கேட்டன் 1990-ல் வெளியான நூலில் விவரிக்கிறார். எகிப்தின் மேற்குப் பாலையில் அவ்லாத் அலி குலத்துப் பெண்களிடம் கின்னாவா என்ற சின்னஞ்சிறு பாட்டு உண்டு. லைலா அபு லுகோத் 1986-ல் வெளியிட்ட நூல் அதைப் பற்றியது. மானம் பெரிதென்று வாழும் அந்தச் சமூகத்தில், கணவன் இன்னொருத்தியைக் கட்டினாலும் மனைவி அழமாட்டாள், எனக்கென்ன என்பாள். அவளே பாட்டில் நெஞ்சு வெடித்துப் போவாள். அதற்காக யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். பேச்சில் சொல்லக் கூடாததைப் பாட்டில் சொல்லலாம். நம் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இது புரியாமல் போகாது. மாமியார் செய்த கொடுமை, அண்ணன் கொடுக்காத சீர், எல்லாம் அங்கேதானே வெளியே வரும்!

இனி நம் மலைக்கு வருவோம்

நீலகிரிக்குச் சுற்றுலாப் போகிறவர்கள் தோடர்களின் பூவேலைச் சால்வையை வாங்கி வருவார்கள். அந்தப் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வளைந்த கூரையுள்ள அவர்களுடைய வீட்டைப் படம் பிடித்து வருவார்கள். அவர்களுடைய பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

தோடர் ஒரு சின்ன இனம். 1901-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 800 பேர். 2011-ல் சுமார் 2,000 பேர். அவர்கள் பேசுவது தமிழின் வட்டார வழக்கு அல்ல. தமிழுக்குச் சகோதரியான தனித் திராவிட மொழி. எழுத்து கிடையாது. அவர்களுடைய குடியிருப்பை மந்து என்கிறோம்; நம் மந்தையும் மன்றும் உடனே நினைவுக்கு வரும். எருமைதான் அவர்களுக்குச் செல்வம், அதுவே சமயம். பால் கறந்து மோர் கடையும் பால்மனையே கோயில், பால்காரரே பூசாரி. ஒவ்வொரு எருமைக்கும் பெயர் உண்டு. 1901, 1902-ல் அங்கே தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-ல் வெளியிட்ட நூலில், பால்மனைப் பிரார்த்தனைகளில் பெரும் பகுதி குன்று, மந்து, எருமை இவற்றின் புனிதப் பெயர்களின் வரிசையே என்று எழுதியிருக்கிறார். அன்றாடம் புழங்கும் பெயர் வேறு, பிரார்த்தனையில் சொல்லும் பெயர் வேறு.

1935-ல் முர்ரே எமனோ என்ற இளம் மொழியியலாளர் இந்தியா வந்தார். பிற்காலத்தில் பர்ரோ என்பவரோடு சேர்ந்து 1961-ல் திராவிட வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டவர் இவர்தான். 1938 வரை தென்னாட்டிலும் மத்திய இந்தியாவிலும் தங்கி, தோடர், கோத்தர், குடகர், கொலாமி மொழிகளைக் காதால் கேட்டு ஒலிக்குறியீட்டில் எழுதினார். தோடர் சொல்லச் சொல்ல எழுதிய பாட்டுகளை, ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தோடு, 1971-ல் ஒரு பெரிய தொகுப்பாக வெளியிட்டார். கேட்டு எழுதியதற்கும் அச்சுக்கும் நடுவே 30 ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. 2005-ல் 101 வயதில் அவர் இறந்தார்.

எமனோவை வியக்க வைத்தது இதுதான்: தோடர்களிடையே கவிஞர் என்று தனி ஜாதி இல்லை. ஆணும் பெண்ணும் எல்லோருமே பாட்டுக் கட்டுவார்கள். கெட்டிக்காரர், சுமாரானவர் என்ற வித்தியாசம் உண்டே தவிர, கட்டத் தெரியாதவர் என்று ஒருவரைப் பார்ப்பது அரிது.

இரண்டு இரண்டாகச் சொல்லும் யாப்பு

அவர்களுடைய பாட்டுக்குக் கறாரான இலக்கணம் உண்டு. மூன்று அசை கொண்ட சொற்கோவைதான் அடிப்படை. ஒன்றைச் சொன்னால் அதற்கு இணையான இன்னொன்றைச் சொல்லியே தீர வேண்டும். ஒரு மந்தைப் பெயர் சொன்னால் இணை மந்து எது, ஓர் எருமையைச் சொன்னால் இணை எருமை எது என்பது மரபில் முன்பே தீர்ந்து போனது. திருமணம், பால்மனைச் சடங்கு, கர்ப்பிணிக்குக் கணவன் வில் கொடுக்கும் சடங்கு, சாவு, காதல், வழக்கு என்று வாழ்க்கையில் எது வந்தாலும் அதற்குச் சொற்கோவை தயார். பாடுகிறவர் அவற்றிலிருந்து பொறுக்கி, அன்றைக்கு நடந்த விஷயத்துக்குத் தகுந்தாற்போல் கோக்கிறார். அரிசி எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். சோறு வடிக்கிற கைப்பக்குவம் வேறு.

எதையும் நேராகச் சொல்வதில்லை. யாரைப் பற்றின பாட்டோ அவர் பெயரை வெளிப்படையாகச் சொல்லாமல், அவருடைய மந்து, அவருடைய எருமை, அவர் நடந்த வழி என்று குறிப்பால் உணர்த்துவார்கள். 800 பேர் உள்ள சமூகத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்; குறிப்பே போதும். வெளியாளுக்கு அது புரியாது. அதனால்தான் எமனோவின் தொகுப்பில் பல இடங்களில் பாட்டைவிட விளக்கம் நீளமாக இருக்கிறது. எனக்கு இதில் ஒரு பாடம் தெரிந்தது. பாட்டு என்பது சொல் மட்டுமில்லை. கேட்கிற கூட்டத்தின் ஞாபகமும் சேர்ந்ததுதான் பாட்டு. கூட்டம் கலைந்துவிட்டால், சொல்லை எழுதி வைத்திருந்தாலும் பாதிதான் மிஞ்சும்.

சாவுச் சடங்குதான் இந்தப் பாட்டுக்குப் பெரிய களம். இறந்தவர் நடத்தின வாழ்க்கையைப் பாட்டாகச் சொல்வார்கள். மேற்கே உள்ள மறு உலகத்துக்கு அவரோடு போகவென்று எருமையைக் கொல்வதும் மரபு. சமணக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த இடத்தைப் படிப்பதே கஷ்டமாக இருந்தது. தோடர் பெரும்பாலும் பாலும் மோரும் சோறுமாக வாழ்ந்த மக்கள். தாங்கள் பெயர் வைத்து வளர்த்த பிராணியை இழக்கிற துக்கம் அவர்களுக்கும் இருந்தது.

நம் பழைய சரக்கும் இதே சரக்குதான்

ஆநிரை கவர்தல், மீட்டல், இறந்த வீரனுக்கு நடுகல், பரிசில் பெறும் பாணன், இவையெல்லாம் எங்கோ கேட்டதாக இருக்கிறதா? வெட்சியும் கரந்தையும் நம் புறத்திணைகள்தானே. 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த ஒருவனுக்காகத் தமிழ்-பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டது. பாட்டில் இருந்தது கற்பனை இல்லை என்று கல் சாட்சி சொன்னது. ஈழத்து அறிஞர் கைலாசபதி 1968-ல் வெளியிட்ட ஆங்கில நூலில், சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபில் தோன்றியவை, திரும்பத் திரும்ப வரும் தொடர்களே அதற்கு அடையாளம் என்று வாதிட்டார். எல்லா அறிஞர்களும் இதை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஏட்டுக்கு முன் நாக்கு இருந்தது என்பதை மறுப்பவர் யார்?

சமண மரபிலும் இந்தப் பாடம் உண்டு. மகாவீரர் உபதேசித்தது பண்டிதர் மொழியில் இல்லை, மக்கள் பேசிய பிராகிருதத்தில். அந்த உபதேசம் பல நூற்றாண்டு வாய்வழியே வந்து, அறிந்தவர்கள் மறைய மறையக் குறைந்துகொண்டே போயிற்று. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று கவலைப்பட்ட தரசேன ஆசாரியர், கிர்நார் மலைக்கு இரண்டு முனிவர்களை வரவழைத்துக் கற்பித்தார். புஷ்பதந்தர், பூதபலி என்ற அந்த இருவரும் எழுதியதே ஷட்கண்டாகமம் என்பது திகம்பர மரபு. அதன் ஓலைச்சுவடிகள் மூடுபித்ரியில் காப்பாற்றப்பட்டன. ஒரு கிழவருக்கு வந்த கவலைதான் ஒரு நூலைக் கொடுத்தது.

பாட்டுக்கு உயிர் எது?

பாட்டு சாவது ஏன்? எழுதாததால் என்று சொல்லத் தோன்றும். நான் படித்த வரையில் அது பாதி உண்மைதான். பாட்டுக்குரிய சந்தர்ப்பம் போனால் பாட்டும் போகும்.

நீலகிரியைப் பாருங்கள். 1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். 1822-ல் தோடர் மேய்ச்சல் நிலத்தில் கல் பங்களாவுக்கு அடிக்கல் விழுந்தது. ஊட்டி என்ற ஊர் வந்தது. பிறகு உருளைக்கிழங்கு, தேயிலை, யூகலிப்டஸ், சீகை மரத் தோட்டம். புல்வெளி சுருங்கியது. புல் இல்லையென்றால் எருமை இல்லை; எருமை இல்லையென்றால் பால்மனை இல்லை; பால்மனை இல்லாத இடத்தில் அதன் சொற்கோவையை எந்தப் பிள்ளை எதற்காகக் கற்கும்? கல்யாணமும் சாவும் இன்றும் நடக்கின்றன. அந்த அளவுக்குப் பாட்டும் நிற்கிறது.

அரேபியாவில் வேறு மாதிரி நடந்தது. 1932-ல் சவூதி அரசு அமைந்தபின் குலங்களின் கொள்ளைச் சண்டைகள் முடிந்தன. எண்ணெய்ப் பணம் வந்தது. ஒட்டகம் போய் டொயோட்டா வண்டி வந்தது. பாட்டின் பழைய சந்தர்ப்பம் போயே போச்சு. ஆனால் அவர்கள் புதுச் சந்தர்ப்பம் ஒன்றை உண்டாக்கினார்கள். முதலில் வானொலி, பிறகு தொலைக்காட்சி. 2006-ல் அபுதாபியில் தொடங்கிய மில்லியன் கவிஞர் என்ற நபதி கவிதைப் போட்டியை வளைகுடா நாடுகளில் வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தார்கள். 2010-ல் ஹிஸ்ஸா ஹிலால் என்ற சவூதிப் பெண்மணி முகத்தை மூடிய உடையோடு மேடையேறி, வன்முறைத் தீர்ப்பு சொல்லும் மதவாதிகளைக் கண்டித்துப் பாடினார். கொலை மிரட்டல் வந்தது. அப்படியும் நின்று மூன்றாம் பரிசு வாங்கினார். கொச்சை என்று தள்ளப்பட்ட மொழிதான் அவருக்குத் துணிவோடு பேசக் கைகொடுத்தது. ஒட்டகக்காரர்களின் தக்ரூதா பாட்டை 2012-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

வங்காளிகளும் இதில் நமக்கு மூத்தவர்கள். ரவீந்திரநாதர் குழந்தைகளுக்குப் பாடும் சடாக்களைச் சேகரித்து 1894-லேயே கட்டுரை எழுதினார். சந்திரகுமார் தே கிராமம் கிராமமாக அலைந்து திரட்டின மைமன்சிங் கதைப்பாடல்களை தினேஷ் சந்திர சென் பதிப்பிக்க, 1923-ல் கல்கத்தா பல்கலைக்கழகமே வெளியிட்டது.

நமக்கு என்ன?

இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் காதும் வாயும்தான். படிக்க வராது. வீட்டில் பேசுவதிலும் பாதி பங்களா, கொஞ்சம் ஹிந்தி. அதைக் கேட்டதும் 'இது என்ன தமிழ்' என்று பெரியவர்கள் சிலர் சிரிக்கிறார்கள். இரண்டு தடவை சிரித்தால் குழந்தை மூன்றாம் தடவை வாயைத் திறக்காது. எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சங்கத்து ஞாயிறு வகுப்பு அவசியம் நடக்கட்டும். ஆனால் எழுத்து வரும்வரை பேச்சைக் காவு கொடுக்காதீர்கள். தோடருக்கும் பெதூயினுக்கும் பேச்சுதான் முதலீடு. அதை வைத்துத்தான் அவ்வளவு பெரிய இலக்கியம் நடத்தினார்கள்.

இரண்டாவது, சந்தர்ப்பம். பாட்டிமார் இருக்கிற வீடுகளில் தாலாட்டு, நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, ஒப்பாரி ஏதாவது ஒன்று நிச்சயம் மிச்சம் இருக்கும். கையில் செல்போன் இருக்கிறது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். பாட்டோடு, அது யாருக்காக எப்போது பாடினது, அதில் வருகிற ஊர் எது, ஆள் யார் என்பதையும் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். எமனோவின் விளக்கங்கள் இல்லாவிட்டால் அந்தத் தொகுப்பு நமக்குப் பூட்டின பெட்டிதான். ஆனால் பதிவு செய்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அடுத்த கல்யாணத்தில் நலங்குக்கு சினிமாப் பாட்டுப் போடாமல் அந்தப் பாட்டியையே பாடச் சொல்லுங்கள். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடட்டும். தப்பாகப் பாடினாலும் பரவாயில்லை. பங்களாச் சொல் ஒன்று உள்ளே புகுந்தாலும் பரவாயில்லை. பாடுகிற வாய் இருந்தால்தான் திருத்துவதற்கும் ஏதாவது இருக்கும்.